அந்த அரை மணி நேரம்

மார்ச் 3
நாலு சட்டை தைக்க வேண்டியது. ஒன்றுகூட முடியவில்லை, ஊசி இரண்டு முறை உடைந்தது. அண்ணன் போய்ப் பதினெட்டு நாள். அண்ணன் பால் ஊற்றிவந்த பால் சங்கத்தின் செயலாளர் வந்து, பதினான்காம் தேதி நினைவுக் கூட்டம், நாலு வரி எழுதி வந்து படியுங்கள் என்றார். எழுத உட்கார்ந்தேன். "ஐம்பது வருடம் விவசாயம் செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை." அதற்கு மேல் ஓடவில்லை.

மார்ச் 4
ஊர் முழுக்க டிராக்டர்காரர் பேச்சுதான். சோளக்காட்டில் அண்ணன் விழுந்தபோது கூட இருந்தது அவர் ஒருத்தர்தான். மாரடைப்பு. அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அரை மணி நேரமும் இவர் அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலிப்புதானே, தெளிந்துவிடும் என்று. இப்போது அவரை யாரும் உழவுக்குக் கூப்பிடுவதில்லை.
அண்ணனுக்கு வலிப்பு வந்ததே இல்லை. ஒரு தடவைகூட.

மார்ச் 6
எழுதித்தான் ஆக வேண்டும்.
அப்போது எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்கு இருபத்துநாலு. அப்பா அம்மா இல்லை. அண்ணனைப் பார்க்க வந்த பெண் வீட்டார் இரண்டு பேர் குழாயடியில் என்னிடம் வழி கேட்டார்கள். பையன் எப்படி என்றும் கேட்டார்கள். அண்ணி வந்தால் உன்னை விடுதியில் தள்ளிவிடுவாள் என்று பக்கத்து வீட்டுக்காரி பயமுறுத்தியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்கு வலிப்பு வந்து பார்த்திருந்தேன். அதை அப்படியே அண்ணன் மேல் போட்டேன். நுரை தள்ளும், கண் சொருகும் என்று கையைக் காலை உதறிக்கூடக் காட்டினேன். வந்த வழியே போய்விட்டார்கள்.
அவர்கள் போனார்கள், பேச்சு போகவில்லை. அப்புறம் ஒரு வரனும் வரவில்லை.

மார்ச் 7
சோறு இறங்கவில்லை.

மார்ச் 9
வலிப்புக்காரன், கிணற்றுப் பக்கம் தனியாகப் போகாதே என்று ஊரே அண்ணனை அதட்டும். வைக்கோல் போரில் ஏற விடமாட்டார்கள். சரி சரி என்று தலையாட்டுவார், ஆள் நகர்ந்ததும் ஏறிவிடுவார். ஏன் கல்யாணம் பண்ணவில்லை என்று கேட்டால், "என் சமையல என்னாலயே திங்க முடியல, இன்னொருத்தியை வேற கூட்டிட்டு வந்து கொல்லணுமா?" என்பார். என் கல்யாணத்துக்கு மட்டும் பத்து ஊர் அலைந்தார்.
அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்று அவருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் ஒரு அறை விட்டிருக்கலாமே. நாப்பத்துநாலு வருஷத்துல ஒரு நாள்கூடவா கேக்கத் தோணல?

மார்ச் 11
டிராக்டர்காரர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தரையைப் பார்த்தபடி சொன்னார்:
"ஊர் சொன்னதை மட்டும் வச்சு நான் நம்பலக்கா. அண்ணனையே ஒரு தடவை கேட்டேன். 'என் தங்கச்சியே பாத்திருக்கா, அவ பொய் சொல்ல மாட்டா'ன்னாரு."
அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. பாவி மனுஷா, தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்க.
எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று ஞாபகமில்லை.

மார்ச் 14
கூட்டத்தில் நாலு வரிதான் படித்தேன். என் அண்ணனுக்கு வலிப்பு கிடையாது. அது பதினொரு வயதில் நான் சொன்ன பொய். டிராக்டர்காரர் அதை நம்பினார். அவர் மேல் தப்பில்லை.
செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். தனியாகத்தான் திரும்பினேன்.

மார்ச் 22
எட்டு நாளாக யாரும் துணி கொண்டுவரவில்லை. நான் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடுகிறது. நிற்கட்டும். டிராக்டர்காரரை மூன்று வீட்டில் உழவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அது போதும்.
இன்று காலை அண்ணனின் நிலத்தை உழ டிராக்டர்காரர் வந்தார். நான் வரப்பில் நின்றேன். கூட்டத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசாதவர், வண்டியை அணைக்காமல், திரும்பாமல் கேட்டார்: "என்ன விதைக்கணும்னு அண்ணன் ஏதாவது சொன்னாராக்கா?"
"அவரு என்னிக்குத் தம்பி எதையாவது வாயத் தொறந்து சொல்லியிருக்காரு?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.
அப்போதுதான் வண்டியை அணைத்தார்.