வெள்ளைப் பூ என்று சொன்னேன்

தமிழ்மதியின் அப்பாவுக்கு, கொடைக்கானலிலிருந்து செல்லத்தாய் வணங்கி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் ஒரே அறையில் இருக்கும் மகள் காதில் விழும். அதனால்தான் கடிதம். பயப்பட ஒன்றுமில்லை. அரையாண்டுத் தேர்வில் அவள் வேதியியலில் தவறிவிட்டாள். பத்தாவது வரை நானே படித்துச் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டாவது எனக்கு எட்டவில்லை. இரண்டு டியூஷன் மாற்றியும் பலனில்லை. இப்போது நாயுடுபுரத்தில் ஒரு சாரைப் பார்த்தோம். "தேத்திரலாம்மா. திங்கக்கெழமைக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றார்.

குறிஞ்சி ஆண்டவர் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்தால் அவரிடம் சேர்ப்பது, சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலத்தைத் தமிழ்மதி எடுத்தாள், நான் பிரித்தேன். சிவப்பு.

"என்னம்மா வந்துச்சு?" என்றாள்.

"வெள்ளைடி" என்று சொல்லிவிட்டேன்.

சாரிடம் சேர்த்தாகிவிட்டது. அவள் வெள்ளனே எழுந்து சந்தோஷமாகப் படிக்கிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பாலசமுத்திரத்து வீட்டில் என் பழைய ஸ்வெட்டர் கிடக்கும், பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். சஷ்டியன்று பழனி மலைக்குப் போய் வாருங்கள். கால் வலித்தால் விஞ்சில் ஏறுங்கள். மன்னிப்புக் கேட்டு என் பேருக்கு அர்ச்சனை செய்யுங்கள். அவள் பேரைச் சொல்ல வேண்டாம், பொய் என்னுடையது.

அவள் வருகிறாள், நிறுத்துகிறேன்.

செல்லத்தாய்