மைக்காளான் வந்த மூலை

1983 அக்டோபர் 9

என் சாணியால் ஆய்வுக்கூடம் நாறுகிறதாம். "வீட்டுலேயே வெச்சுப் பண்ணும்மா, உங்க ஊர்ல பழக்கம்தானே" என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். காலி ஊறுகாய் பாட்டில்களோடு மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

அக்டோபர் 16

மாட்டுச் சாணி, ஆட்டுப் புழுக்கை, முயல் புழுக்கை. எதில் எந்தக் காளான், எந்த வரிசையில் வருகிறது என்பதுதான் என் எம்.எஸ்ஸி. ஆய்வு. சாணியில் இன்று கண்ணாடி ஊசிகள் போல் காளான்கள், தலையில் கருந்தொப்பி. வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்து தொப்பியைச் சுட்டு எறிகின்றன. என்ன துணிச்சல்! முயல் புழுக்கையில் கடுகைவிடச் சின்ன மஞ்சள் கிண்ணங்கள். மைக்காளான் கடைசியில்தான் வரும். அதைப் பார்க்காமல் ஆய்வு முடியாது.

அக்டோபர் 25

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை ராஜாக்கண்ணுவுக்குப் போளூரில் ஆபீஸ் வேலை. தசரதன் மாமா பாடம் நடத்தினார்: "இன்னா படிக்கிறன்னு கேட்டா பூவுன்னு சொல்லு. சாணின்னு வாயத் தொறந்த, தொலஞ்ச."

காலையில் மாட்டுக்கொட்டகையில் கையால் சாணி அள்ளிய அதே மாமா.

அக்டோபர் 30

வாசலிலிருந்து அடுப்படி வரை சாணி மெழுகிய தரை. அதன்மேல் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டார்கள். "பூ" என்றேன். த்தூ.

"மல்லியா, கனகாம்பரமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. ராஜாக்கண்ணு பேன்ட் மடிப்பை நீவிக்கொண்டே, "எதுவானா இன்னா, கல்யாணத்துக்கப்புறம் படிப்பு எதுக்கு?" என்றார்.

அவர்கள் போனதும் பார்த்தால் பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கின்றன.

"மெழுகச் சாணி பத்தலடி. நீ பூஞ்ச புடிக்கவுட்டு வெச்சிருந்ததையும் கரைச்சிட்டேன்" என்றாள் அம்மா.

அய்யோ, என் முயல் புழுக்க! எல்லாம் அந்தாளு உக்காந்த பாய்க்கு அடியில!

அக்டோபர் 31

நேற்று பூ என்று பொய் சொன்னேன். அந்த ஊசிக்கு இருந்த துணிச்சல்கூட எனக்கில்லை. கேவலம்.

நவம்பர் 8

விடாத மழை. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்துவிட்டதாம்.

நவம்பர் 13

தண்ணீர்ப் பானை கசியும் மூலையில், அம்மா தடிமனாக அப்பிய இடத்தில், தரையிலிருந்தே மைக்காளான்! சாம்பல் குடை, ஓரம் கருத்து மையாய்ச் சொட்டுகிறது. எந்த விலங்கின் சாணியில் வந்ததென்று இனிச் சொல்ல முடியாது. ஆய்வுக்கு உதவாது. இருந்தாலும் குப்புறப் படுத்து வரைந்தேன்.

தேதி குறிக்க வந்த மாப்பிள்ளையின் அம்மா குனிந்து, "இன்னா பாப்பா பண்ற?" என்றார். மாமா கண்ணால் மிரட்டினார்.

"சாணியில மொளைக்கிற காளான வரையறேங்க. இதான் என் படிப்பு. பூ இல்ல."

அவர் காளானைப் பார்த்தார். பிறகு தான் நின்ற தரையைப் பார்த்தார். காலைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நவம்பர் 15

சம்பந்தம் போச்சென்று மாமா இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார். ஆய்வை அடுத்த பருவத்தில்தான் முடிக்க முடியும்.

வெயில் வந்துவிட்டது. பாட்டில்களைக் காய வைத்திருக்கிறேன்.