கை படாத நீலம்

மார்ச் 3

ஒருவழியாக லைசென்ஸ் என் பெயருக்கு மாறிவிட்டது. அதிகாரி அப்பாவின் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொருளை இப்படியா வெச்சிருப்பீங்க? அடுத்த தடவை சுத்தமா கொண்டு வாங்க" என்றார். ஊரில் அடிபட்ட கார்களுக்கெல்லாம் பெயிண்ட் அடித்துப் புதுசாக்குகிறவனிடம் இந்தப் பேச்சு. ரோஷம் வந்துவிட்டது.

அவர் சொன்னதும் பொய்யில்லை. மில் காவலுக்கு அப்பா இதைச் சுமந்தே தேய்த்திருக்கிறார். குழலில் அவர் கை பிடிக்கும் இடத்தில் நீலப் பூச்சு போய் வெறும் இரும்பு வெளுத்துக் கிடக்கிறது.

மார்ச் 6

பழைய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தாயிற்று. இனிமேல்தான் வேலை. மருந்து தடவி வேண்டுமென்றே துருப்பிடிக்க விட வேண்டும். பிறகு கொதிக்கும் வெந்நீரில் போட்டால் சிவப்பு கறுப்பாகும். பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி மருந்து. இப்படிப் பல சுற்று போனால்தான் கருநீலம் ஏறும். நடுவில் வெறும் கை பட்டால் போச்சு, பட்ட இடம் காட்டிக் கொடுத்துவிடும்.

மாலையில் அக்கா வந்தாள், ஒரு பையோடு. "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்டா." முடியை முன்னால் விட்டுக் கழுத்தை மறைத்திருந்தாள். அப்படியும் நீலமாகக் கன்றியது தெரிந்தது. நான் கேட்கவில்லை.

மார்ச் 9

அத்தான் வந்திருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு வேண்டிய பொறுமை, பூப்போன்ற பேச்சு. "கோபம் தணிஞ்சதும் வரட்டும் மாப்பிள்ளே, அவசரமில்ல." அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. போகும்போது என் தோளைத் தட்டினார். தட்டிய கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

மார்ச் 12

அக்கா கழுத்து நீலம் மஞ்சளாகிவிட்டது. என் குழல் இன்னும் நீலமாகவில்லை.

மார்ச் 14

குழலைத் துப்பாக்கியின் மரக்கட்டையில் பொருத்திப் பார்த்துவிட்டுப் பின்னறையில் அப்படியே வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அடிப்பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல். செக்கச்செவேல் என்று துரு. நான் கையுறை இல்லாமல் தொடுவதே இல்லை.

அத்தானா? வந்தவர் ஹாலைத் தாண்டவில்லையே. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி மருந்து தடவினேன்.

மார்ச் 15

மறுபடியும். அதே இடத்தில்.

மார்ச் 16

மரமண்டை நான். அக்காவுக்கு உள்ளங்கை எப்போதும் வேர்க்கும். அவள் கட்டிய வாட்ச் எதுவும் துருப்பிடிக்காமல் வருஷம் தாண்டியதில்லை. "இவ தொட்டா கத்தரிக்கோலுக்கே காய்ச்சல் வரும்" என்று அம்மா கேலி பண்ணுவாள். துப்பாக்கிப் பக்கமே அவளை அப்பா விட்டதில்லை.

இது வேடிக்கை பார்க்கத் தொட்ட கை இல்லை. தூக்கி, நீட்டிப் பிடித்த கை. இன்றைக்கு விசையிலும் ஒரு விரல் தடம்.

பீரோ மேல்தட்டில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் தோட்டாக்களில் ஒன்று குறைகிறது.

மார்ச் 17

யாருக்காக எடுத்து வைத்திருக்கிறாள்? அத்தானுக்கா, தனக்கேவா? கேட்டுவிடலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

பூட்டி வைக்கலாம். பூட்டினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் வேறு வழி தேடுவாள்.

மார்ச் 18

அவள் குளிக்கப் போன நேரத்தில் உள்ளே தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியைக் கழற்றிவிட்டேன். விரல் நீளம்கூட இல்லை. அது இல்லாவிட்டால் தோட்டா இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பட்டறைக்குக் கொண்டுபோய்த் திருகாணி டப்பாவில் போட்டேன். பார்வைக்குத் துப்பாக்கி துப்பாக்கியாகவே இருக்கிறது.

பாம்பும் சாகவில்லை, பாம்படித்த கோலும் நோகவில்லை என்று ஒரு நிம்மதி. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 21

இன்றைக்கும் தடம். துடைத்தேன். சாப்பிடும்போது அக்கா சிரித்தாள், எதற்கென்று நினைவில்லை. சிரித்து ரொம்ப நாளாயிற்று. தோட்டா இருக்கிற தைரியமோ?

மார்ச் 24

நான் பட்டறையில் இருந்தபோது அத்தான் வந்திருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் தெரிந்தது — துப்பாக்கி ஹாலில் சோபாமேல், டீ டம்ளர் கீழே.

அக்கா சொன்னாள்: "கிட்ட வராதீங்கன்னு நீட்டினேன். நின்னுட்டார்டா. முகம் வெளிறிப்போச்சு. அவருக்கும் பயம் வரும்னு இன்னைக்குத்தான் பாத்தேன். அப்புறம் ஒரு அடி எடுத்து வெச்சார். அழுத்திட்டேன்."

கீழே இருந்த டம்ளரை எடுத்தேன்.

"டக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். சிரிச்சார். இதுகூட உனக்குச் சரியா வரலியேன்னார். டீ போடச் சொன்னார். போட்டேன்."

என்னையே பார்த்தாள். "நீ ஏதாவது எடுத்துட்டியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா." கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஊசி இருந்திருந்தால் இந்நேரம் ஹாலில் ஒரு பிணம் கிடந்திருக்கும், அக்கா ஜெயிலில் இருந்திருப்பாள். நான் செய்தது சரிதானே? சரிதான். ஆனாலும் அந்த ஆளிடம் முதல்முதலாக வந்த பயத்தையும் சேர்த்துத்தானே நான் கழற்றி வைத்திருக்கிறேன்.

மார்ச் 25

பை கட்டுகிறாள். போகாதே, போலீசில் சொல்லலாம் என்றேன்.

"என்னன்னு சொல்றது? துப்பாக்கிய நீட்டினது நான். லைசென்ஸ் உன் பேர்ல. ரெண்டு பேரும் உள்ள போவீங்க, நீ வந்துட்டா யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கார்."

"நான் பாத்துக்கறேன்க்கா."

"நீ பாத்துக்கிட்டது போதும்டா." தோட்டாவை மேஜைமேல் வைத்துவிட்டு, வாசலில் ஹாரன் அடிக்கவும் கிளம்பிவிட்டாள். டிரைவிங் ஸ்கூல் கார். சொல்லிக்கொடுக்க உட்காரும் பக்கத்திலும் அவருக்கென்று ஒரு பிரேக் இருக்கும் வண்டி. இவளுக்கு எதுவும் இல்லை.

மார்ச் 29

அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 2

பட்டப்பகலில் போனில் கூப்பிட்டேன். அவர்தான் எடுத்தார். "அக்கா தூங்குறா மாப்பிள்ளே. எழுப்பட்டுமா?" எழுப்புங்கள் என்றேன். வைத்துவிட்டார். நேரில் போனால் கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 5

கடைசிச் சுற்றும் முடிந்தது. எண்ணெய் தடவி அதிகாரியிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு பொட்டு இல்லையே. எப்படிங்க இவ்வளவு ஒரே சீரா வந்துச்சு?"

"வீட்ல வேற யாரும் தொடல சார்" என்றேன்.

திரும்பி வந்து பின்னறையில் வைத்தேன். குழல் முழுக்கக் கருநீலம். தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அந்த நாலு விரல் இருந்த அடிப்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்க்கிறேன்.