நான்கு மீட்டர் வயர்

மர்கிலான்,
மார்ச் 9

அன்புள்ள தில்முரோத்,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் இருவரும் நலம். கொரியாவில் இன்னும் பனி விழுகிறதாமே என்று அம்மாவுக்குக் கவலை. போனில் பேசினால் பாதியில் தயங்கி நிறுத்திவிடுவேன் என்பதால் இந்தக் கடிதம். இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ஊர் திரும்பும்போது கார் பெயிண்டில் கீறல் எடுக்கும் பாலீஷ் மிஷின் வாங்கி வருவதாகவும், வயர் உள்ளதா, பேட்டரியில் ஓடுவதா என்று பார்த்துச் சொல்லும்படியும் கேட்டிருந்தாய். உன் நண்பன் ஜசூர் இரண்டையும் இரண்டு நாள் இரவல் தந்தான். பக்கத்து வீட்டு குலோம் தன் கறுப்பு டாக்சியை நம்பி விட்டுப் போனார். நாற்பது வருடம் ஜியாமெட்ரி நடத்தியவனிடம் காரைக் கொடுக்கலாமா என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பேட்டரி மிஷின் மணிக்கட்டை வலிக்க வைக்கும் கனம். ஆழமான கீறலில் வைத்துத் தேய்த்தபோது இருபத்திரண்டாவது நிமிடத்தில் நின்றுவிட்டது. வயர் மிஷின் சோர்வில்லாமல் ஓடியது. முதல் தாளில் இந்த இடத்தில் ‘வயர் உள்ளதையே வாங்கு’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

ஆனால் நடந்த ஒன்றை அதில் எழுதவில்லை. வயரைத் தோளில் போட்டுக்கொண்டு பானெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குலோம் முற்றத்துக்குள் வந்து சலாம் சொன்னார். மிஷின் ஓடுகிறது என்பதை மறந்து, பதில் சலாமுக்கு வழக்கம்போல வலது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்துவிட்டேன். வயர் தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. நான் பதறி இழுத்ததில், அதில் ஒட்டியிருந்த மணல் பானெட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு கிழித்தது.

குலோம் பக்கத்தில் வந்து பார்த்தார். “வாத்தியாரே, இருக்கிற கீறலை எடுக்கச் சொன்னா புதுசா ஒண்ணு போட்டுக் குடுக்கிறீங்களே! ஆனா என்ன ஒரு நேர்க்கோடு! ஸ்கேல் வெச்சாலும் இப்படி வராது” என்று சிரித்தார். என் முகம் வாடியதைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார். அந்தக் கோட்டைப் பேட்டரி மிஷினால்தான் எடுத்தேன். நடுவில் சார்ஜ் ஏறக் காத்திருந்ததையும் சேர்த்து இரண்டு மணி நேரம்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டாவது தாளில் வயருக்காகவே வாதாடினேன். பேட்டரி மிஷின் இருந்தால் தாஷ்கண்டில் அடுக்குமாடிகளுக்குக் கீழே, பிளக் இல்லாத இடத்திலும் வேலை எடுக்கலாம் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? வயரை அளந்தேன். நான்கு மீட்டர். நம் முற்றத்தைத் தாண்டாது.

அந்தத் தாளைப் படித்த உன் அம்மா, “அவன் மிஷினைப் பத்திக் கேட்டான். நீங்க அவனைக் கட்டிப்போட கயிறு தேடுறீங்க” என்றாள். சொல்லிவிட்டு, நீ கிளம்பிய அன்று ஒரு வாய் கடித்து வைத்துப்போன ரொட்டியைத் தூசி தட்டி மறுபடி ஆணியில் மாட்டினாள். நான்கு வருடத்தில் கல்லாகிவிட்டது. மீதியைத் தின்ன நீ வர வேண்டும் என்று யாரையும் தொட விடுவதில்லை.

ஆகவே, பேட்டரி மிஷினே வாங்கு. கனம் குறைந்ததாகப் பார். மூன்று பேட்டரியாவது வேண்டும். நான் தவறாகவும் கணித்திருக்கலாம், ஜசூரையும் கேட்டுக்கொள்.

எங்கே வேலை செய்தாலும் சார்ஜரை ஓரிடத்தில் மாட்டித்தானே ஆக வேண்டும்? உன் அறையில், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு பிளக் பாயின்ட் வைத்திருக்கிறேன். மின்சாரம் வருகிறதா என்று தினமும் மேஜை விளக்கை மாட்டிப் பார்க்கிறேன். வருகிறது.

நீ போகும் வழியெல்லாம் இறைவன் துணையிருக்கட்டும்.

உன் அப்பா,
அப்துரசூல்