கழுத்துப்பட்டியில் மூன்று புள்ளி

சென்ட் லோரன்ட், மான்ட்ரியால்
11 ஜூன் 1967

அன்புள்ள தம்பி சண்முகவேலுக்கு, காத்தமுத்து சொல்லச் சொல்ல மருமகள் வசுமதி எழுதுவது.

இந்த ஊர்த் தீவில் உலகக் கண்காட்சி போட்டு, நம் பக்கம் காங்கிரஸ் போய் ஆட்சி மாறிய வருஷம் இது. நானும் நீயும் உன் தம்பியும் திருகோணமலையில் ஒன்றாகக் கடற்படைக்காரர் துணி வெளுத்தபோது அந்த நீர்மூழ்கிக் கப்பல் போனதோ, ஜப்பான்காரன் குண்டு போட்ட இரண்டாம் வருஷம். எழுத்துத் தெரியாதவனிடம் வருஷம் இப்படித்தான் நிற்கிறது.

நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். அப்பா திருகோணமலையில் இருந்தவர் என்று மகன் குணசீலன் சொன்னதும்தான் கீழே இருக்கும் வீட்டுக்காரி வீட்டையே கொடுத்தாள். அவள் யார் என்கிறாய்? நீர்மூழ்கிக் கப்பல் கமாண்டர் ஃபெர்ரிஸ் துரையின் சம்சாரம்! துறைமுக வாயைத் தாண்டி முங்கிய கப்பல் எழும்பவே இல்லையே, அந்தத் துரை. எட்டாம் நாள் கரை ஒதுங்கிய உடம்பில் முகம் இல்லை. சட்டையின் கழுத்துப்பட்டியில் நான் போட்ட வண்ணான் குறி இருந்தது: மூன்று புள்ளி, ஒரு கோடு. "துரைதான்" என்று நான் சத்தியம் செய்த பிறகே பீரங்கி மரியாதையோடு புதைத்தார்கள்.

இந்தத் துரைசானி அம்மாளுக்குப் புற்றுநோய். தன் சாம்பலை அந்தக் குழியில் வைக்க வேண்டுமாம். "நீதானே பார்த்தாய், நிச்சயம்தானா?" என்கிறாள். சட்டையைக் கப்பலில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நீ. நீயும் இரண்டு வரி எழுது.

மொம்பாசா போன உன் தம்பி மணிவாசகம் கடிதம் போட்டானா? உன் வீட்டில் இருக்கும் அவன் பெண்டாட்டி அலமுவை விசாரித்ததாகச் சொல்.

காத்தமுத்து (கைநாட்டு)


நாகப்பட்டினம்
2 ஜூலை 1967

அண்ணனுக்கு நமஸ்காரம்.

அலமு சுகம். தம்பியிடமிருந்து ஒன்றும் இல்லை.

அந்த அம்மாளிடம் பழைய கதை வேண்டாம் அண்ணே. வயசாகிவிட்டது, ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவள் உங்கள் ஊரிலேயே அடக்கமாகட்டும். சட்டையைப் பற்றி என்னை எதுவும் எழுதச் சொல்லாதீர்கள். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

சண்முகவேல்


சென்ட் லோரன்ட்
8 அக்டோபர் 1967

தம்பி,

வசுமதி கிழிக்கவில்லை. "மாமா, இவர் எதுக்கோ பயப்படுறார்" என்கிறாள்.

எனக்கா ஞாபகம் இல்லை? உடம்பு ஒதுங்கிய அன்று நீ பார்க்க வரவில்லை. வெள்ளாவிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய். காய்ச்சல் என்றாய். மணிவாசகம் மொம்பாசாவுக்குக் கப்பலேறிவிட்டான் என்று நீ சொன்னதும் அன்று சாயங்காலம்தான். என்னிடம் சொல்லாமலா போவான் அவன்? இருபத்து மூன்று வருஷம் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

அம்மாள் பாதியாக இளைத்துவிட்டாள். "பனி விழுறதுக்குள்ள சொல்லிடு, காத்தமுத்து" என்கிறாள்.

சண்முகவேல், அந்தக் குழியில் இருப்பது யார்?

காத்தமுத்து (கைநாட்டு)


நாகப்பட்டினம்
19 நவம்பர் 1967

அண்ணே,

வெளுக்க வந்த துணியை ஒரு நாள் இரவல் கொடுப்பது நம் தொழிலில் யார்தான் செய்யவில்லை? துரை அவசரத்தில் கப்பலேறினார், சட்டையைக் கேட்கவில்லை; கப்பலில் கொடுத்தேன் என்று உங்களிடம் நான் சொன்னது பொய். அன்றே அக்கரை மூதூரில் ஒரு கல்யாணம். "ஒரு நாள்தானே அண்ணே, துரை மாதிரி போய் இறங்குறேன்" என்று மணிவாசகம் கெஞ்சினான். கொடுத்தேன். தனியாகத் தோணி வலித்துப் போனான். மறுநாள் தோணிதான் கவிழ்ந்து கிடைத்தது.

எட்டு நாள் தண்ணீரில் ஊறிய உடம்பில் கறுப்பேது, வெளுப்பேது. நீங்கள் சத்தியம் செய்துவிட்டீர்கள். யுத்த காலம், நான் வாய் திறந்தால் ஜெயில். என் தம்பிக்குப் பீரங்கி வெடித்தார்கள். நான் கூட்டத்தோடு நின்றேன்.

அலமு இன்னும் குங்குமம் வைத்துக்கொண்டு தபால்காரரைப் பார்க்கிறாள். எனக்கு நெஞ்சுவலி. நான் கண்மூடும்வரை இது வெளியே வர வேண்டாம் அண்ணே.

சண்முகவேல்


சென்ட் லோரன்ட்
3 மார்ச் 1968

சண்முகவேலுக்கு,

டிசம்பரில் போட்டதற்கும் ஜனவரியில் போட்டதற்கும் உன் பதில் இல்லை.

"மறைச்சிடலாமா மாமா?" என்று வசுமதியும் கேட்டாள். சாகப்போகிறவளிடம் இன்னொரு பொய்ச் சத்தியம் என்னால் ஆகாது. கீழே போனோம். நான் தமிழில் சொல்ல, இவள் இங்கிலீஷில் சொன்னாள். அம்மாள் கத்தவில்லை. முதலில் கேட்டது இதுதான்.

"அவனுக்குப் பெண்டாட்டி உண்டா?"

"உண்டு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்காவது இத்தனை வருஷம் ஒரு கல்லறை இருந்துச்சு" என்றாள்.

மறுநாளே வக்கீலைக் கூப்பிட்டு உயிலை மாற்றினாள். சாம்பல் குழிக்கு வேண்டாம், கப்பல் முங்கிய கடலில் கரைத்தால் போதும் என்று. போன செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

ஒரு மாதம் பார்ப்பேன். அதற்குள் நீ வீட்டில் சொல்லாவிட்டால் கடிதம் உன் தம்பி பெண்டாட்டி பேருக்கே வரும். அவளுக்கும் என்னைப் போல எழுத்துத் தெரியாது. தபால்காரர்தான் உன் வாசலில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டுவார். எது நல்லது என்று நீயே யோசி.

காத்தமுத்து (கைநாட்டு)

வசுமதி காகிதத்தை மடிக்கப் போனாள், நிறுத்தச் சொன்னேன். இன்னும் ஒரு வரி. துரை போனார், துரைசானியும் போய்விட்டாள், உன் தம்பி என்றைக்கோ போனான். அந்தக் குழிக்காக அழ வேண்டியவர்களில் உயிரோடு மிச்சம் இருப்பது, இன்னும் அழாத ஒருத்திதான்: அலமு.