செந்தேள் கும்பலில் ஒரு காலியிடம்

அண்ணா,

இன்று காலை ராசிபுரம் சாலையில் போர்வெல் வண்டி ஒன்று என்னைக் கடந்து போனது. அதிலிருந்து ஈரக் கல்தூளின் வாசனை. வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீ போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஆந்திரா பக்கம் வேலைக்குப் போனாய். கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: “செந்தேள் கும்பல்ல யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு எழுதீரு சாமி.”

நாம் சேர்ந்து படித்த படக்கதை அது. ஐந்து வில்லன்கள். இதழுக்கு ஒருவன் துரோகம் செய்துவிட்டு ஓடுவான். இன்னொருவன் வந்து சேர்வான். கதாநாயகனைப் பற்றி நீ கேட்டதே இல்லை. “அவன் எங்க போயிருவான்?” என்பாய்.

என் கடிதங்களை ரிக் ஆட்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாய். ஒரு கட்டத்தில் வெண்ணந்தூர் கடைக்குப் புத்தகம் வருவது நின்றுபோனது. உன்னிடம் சொல்லாமல் நானே ஆட்களைச் சேர்த்தேன். நூலாலேயே கழுத்தை நெரிக்கும் தறிக்காரி ஒருத்தி வந்தாள். விடுமுறைக்கு வந்த நீ சேலத்துக் கடையில் விசாரித்துவிட்டாய்.

“புக்கே வரலையாமா?”

நான் அடுப்படிக்குள் நழுவினேன். நீ பின்னாலேயே வந்தாய்.

“அப்ப தறிக்காரி உன்ற ஆளா? அவள மட்டும் வெளிய அனுப்பீராத.”

எனக்கு நிச்சயம் வைத்தபோது எழுதினேன்: ‘ஒற்றைக்கண்ணன் ஓடிவிட்டான். அவன் இடத்துக்கு யார் என்பதை நீ நேரில் வந்தால்தான் சொல்வேன்.’

நீ வரவில்லை. குழாய் சிக்கிக்கொண்டது, விட்டுவிட்டு வர முடியவில்லை என்று கடிதம் வந்தது. கீழே, ‘யாரு சாமி அந்தப் புது ஆளு?’ என்று கேட்டிருந்தாய். கோபத்தில் நான் பதில் போடவில்லை. இரண்டு மாதம். பிறகு குழாய் சரிந்து நீ போய்விட்டாய் என்ற தந்திதான் வந்தது.

உன் பெட்டியைக் கொண்டுவந்தவர் உன்னோடு வேலை செய்த டிரில்லர். வாசலில் தயங்கி நின்றார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. ஒத்தக்கண்ணனுக்குப் பதிலா யாருங்க வந்தது? உங்கண்ணன் தெனமும் தபால் வந்துச்சான்னு கேட்டுட்டே இருப்பானுங்க.”

“இன்னும் யாரும் வரலைங்க” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

பொய், அண்ணா. நிச்சயத்துக்கு முன்பே அவனை முடிவு செய்துவைத்திருந்தேன். தரையில் காதை வைத்து எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்லிவிடுவான். உன் சாடை. பாறைக்கடியில் தப்பிக்க எப்போதும் ஒரு வழி அவனுக்குத் தெரியும். இன்றுவரை அவன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை.