குடை பிடித்தவர்: நேசம்மாள்

பெண்கள் போர்டிங்,
நாகர்கோவில்,
13 ஆகஸ்ட் 1931, வியாழக்கிழமை.

என் பிரியமான தேவகனிக்கு, பீருமேட்டுக் குளிரில் உன்னையும் உன் அம்மாவையும் ஆண்டவர் சுகமாய்க் காக்கும்படி வேண்டிக்கொண்டு லீலாபாய் எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நடந்தது எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப்போகிறேன். முன்பு எழுதிய இரண்டு கடிதங்களிலும் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுத வேண்டியதும் இல்லை. கணக்கில் எத்தனை மார்க் வாங்கினேன், கிணற்றில் எப்படி வாளி விழுந்தது என்று எழுதித் தாளை நிரப்பிவிட்டேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அம்மாவின் வலது கை இன்னும் மடங்கவில்லை என்றும், கொழுந்து கிள்ள இனி நீதான் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். ஏழாம் வகுப்புப் புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய். அவை என் பெட்டியில்தான் இருக்கின்றன. யாருக்கும் கொடுக்கவில்லை.

கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஓணத்துக்கு எஸ்டேட்டில் லீவு விட்டதும் உன் செல்வதாஸ் மாமா ஊருக்கு வருகிறாராம். "காட்டிக் கொடுத்த வண்டிக்காரனுக்க நாக்க அறுக்காம திரும்பமாட்டேன்" என்று வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னாராம். மாமா வெறும் பேச்சுப் பேசுகிறவர் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

தேவகனி, ஏசுஅடிமை அண்ணன் காட்டிக் கொடுக்கவில்லை. நான்தான் காட்டிக் கொடுத்தேன். நீ பாதியில் இதைக் கிழித்துப் போட்டாலும் இந்த ஒரு செய்தி உன்னிடம் வந்து சேர்ந்திருக்கட்டும் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். இனி நடந்தபடியே சொல்கிறேன்.

சித்திரை விடுமுறையில் நம் பள்ளிக்கூடத்து ஹார்ட்லி மிஸ்ஸியம்மா நம் ஊருக்கு வந்து, வண்ணத்துப்பூச்சிகளைப் படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். நீ அப்போது காய்ச்சலில் கிடந்தாய். ஏசுஅடிமை அண்ணன் காளைவண்டியில் மலையடிவாரம் வரைக்கும் எங்களைக் கொண்டுவிட்டார். அங்கிருந்து படப்பெட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் உன் அம்மா தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு வந்தார்கள். குடையும் நோட்டுப்புத்தகமும் என்னிடம் இருந்தன.

அந்தப் பெட்டியால் பறக்கிற பூச்சியைப் பிடிக்க முடியாது. நாலு எண்ணும் வரைக்கும் பூச்சி அசையாமல் இருக்க வேண்டும். காற்றும் அடிக்கக் கூடாது. பூவில் உட்காருகிறவை இரண்டு எண்ணுவதற்குள் எழுந்துவிடும். ஈர மணலில் உப்பு உறிஞ்ச இறங்குகிறவைதான் சிறகை மூடிக்கொண்டு அப்படியே நிற்கும். அந்த வெயிலில் ஓடையெல்லாம் காய்ந்து கிடந்தது. ஈரம் இருந்த ஒரே இடம் மேலக்காட்டுச் சுனை. மேலத்தெருக் கோயில் அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுக்கிற சுனை என்று உனக்குத் தெரியும். நம்மில் யாரும் அதன் பக்கம் போவதில்லை. ஆனால் மிஸ்ஸியம்மாவின் பக்கத்தில் நடக்கும்போது என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சுனைக்கரை மணலில் நாற்பத்தொன்று இருந்தன, தேவகனி. நான் எண்ணினேன். கறுப்புச் சிறகின் நடுவில் கண்ணாடிபோல நீலப்பட்டை ஓடுகிற ஜாதி. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. மிஸ்ஸியம்மா மூச்சு விடவும் பயந்து பெட்டியை நிறுத்தினார்கள். அப்போது தண்ணீர்ப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. யாராவது சுனைக்குள் இறங்கி நின்று குடையை விரித்துக் காற்றை மறைத்தால்தான் படம் விழும்.

மிஸ்ஸியம்மா உன் அம்மாவைக் காட்டி என்னிடம் கேட்டார்கள். உன் அம்மா பின்னால் நகர்ந்துவிட்டார்கள். "நான் அதில இறங்கப்பிடாது மக்கா. பூச்சிக்கு அந்த வெள்ளம் குடிக்கலாம், நமக்கு கால் நனைக்கப்பிடாது. கண்டா கொன்னுபோடுவாவ. துரைச்சானிகிட்ட சொல்லு" என்றார்கள். மிஸ்ஸியம்மா நம் நாட்டுக்கு வந்து எட்டு மாதம்தான். நம் ஊர்ப் பேச்சு அவர்களுக்குப் பிடிபடாது. என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார்கள். பாசியில் வழுக்கும் என்று பயப்படுகிறாள் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், உண்மையைச் சொன்னால் மிஸ்ஸியம்மா பெட்டியை மடித்துவிடுவார்கள். எனக்கு அந்த நாற்பத்தொன்றும் வேண்டியிருந்தன. மிஸ்ஸியம்மா சிரித்துக்கொண்டு உன் அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்கள். உன் அம்மா என்னைத்தான் பார்த்தார்கள். நான் நோட்டுப்புத்தகத்தைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. படம் விழுந்தது.

ஒவ்வொரு தகட்டுக்கும் நாள், நேரம், இடம், வெயில், யார் என்ன செய்தார்கள் என்று எழுதிவைக்க மிஸ்ஸியம்மா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கண்காட்சியில் அந்தப் படத்தை மாட்டினோம். உன் அம்மாவின் கையும், தண்ணீருக்குள் இருந்த பாதங்களும் படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தன. முகம் இல்லை. மிஸ்ஸியம்மா பெயரும் என் பெயரும் மட்டும் எழுதினால் நியாயமில்லை என்று நினைத்து, கீழே கொட்டை எழுத்தில் எழுதினேன். "இடம்: மேலக்காட்டுச் சுனை. காலை ஒன்பது மணி. படம்: ஹார்ட்லி மிஸ்ஸியம்மா. குறிப்பு: லீலாபாய். குடை பிடித்தவர்: நேசம்மாள்."

உனக்கு ஞாபகம் இருக்கும். "எங்கம்மைக்க பேருதான் கடைசி வரியில தனியா நிக்குது, பாத்தியா. பொறாமையாட்டி?" என்று என்னைக் கிள்ளினாய். பிறகு நீ பாட்டுக் கோஷ்டிக்கு ஓடிவிட்டாய். அதற்குப் பின் நடந்ததைத்தான் நீ பார்க்கவில்லை.

உன் அம்மா படத்தின் முன்னால் வந்து நின்று, எது தன் பெயர் என்று கேட்டார்கள். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒருக்கா கூடி வாசி மக்கா" என்றார்கள். மூன்று தரம் வாசித்தேன். சத்தமாக வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கும்போது எங்களுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் ஜரிகை நேரியல் போட்டிருந்தார். நம் ஊர் மேலத்தெருக்காரர் என்று பிற்பாடு தெரிந்தது. "படம் நல்லா இருக்கு பிள்ளே. எந்தச் சுனைன்னு சொன்னே?" என்று அன்பாகக் கேட்டார். சொன்னேன். "குடை பிடிச்சது இவளா?" என்றார். ஆமாம் என்றேன். உன் அம்மாவும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிப் போனார்.

மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "குடை பிடிச்ச கை எதுட்டி?" என்று கேட்டுக் கேட்டு மேலத்தெரு ஆட்கள் அம்மாவை அடித்தார்கள் என்று நீதான் என் தோளில் விழுந்து அழுதாய். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. குடையைப் பற்றி ஏசுஅடிமை அண்ணனுக்கு எதுவும் தெரியாது. அவர் மலையே ஏறவில்லை. அடிவாரத்தில் காளைகளை அவிழ்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இதை நீ மாமாவிடம் நன்றாக எடுத்துச் சொல். அண்ணன் கள்ளுக்கடையில் வாய் விடுகிறவர் என்பதால் ஊர் அவர் பேரில் பழியைப் போட்டது. நான் சும்மா இருந்தேன்.

மிஸ்ஸியம்மா புகார் எழுதிக் கொடுத்தார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. சுனையை இறைத்து, தீட்டுக் கழியப் புண்ணியாகம் செய்துவிட்டார்களாம். மிஸ்ஸியம்மா தகடுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இன்னும், உன் அம்மா பாசிக்குத்தான் பயந்தார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் அவர்களிடமும் சொல்லிவிடுவேன்.

அப்பாவிடம் அப்போதே சொன்னேன். உபதேசியார் மகள்தான் காரணம் என்றால் சபை இரண்டாகிவிடும், வாயை மூடு என்றார்கள். மூடிக்கொண்டேன். இரண்டு மாதமாக ஏசுஅடிமை அண்ணனின் வண்டியை யாரும் கூப்பிடுவதில்லை. வேதக்கோயிலில் அவர் உட்காரும் பாயில் வேறு ஒருவரும் உட்காருவதில்லை. அவர் மனைவி சத்தியபாய் அக்கா கிணற்றடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். சென்ற சனிக்கிழமை அண்ணன் நாகர்கோவில் வரைக்கும் நடந்தே வந்து போர்டிங் வாசலில் நின்றார். "குஞ்ஞே, நான் வண்டிய விட்டு அசையலேன்னு நீ கண்டதுதானே? நீ படிச்ச பிள்ளை, நீ ஒரு வாக்கு சொன்னா ஆளுவ கேக்கும்" என்றார். மணி அடித்தது. அதைச் சாக்காக வைத்து உள்ளே ஓடிவிட்டேன். அவர் வெகுநேரம் நின்றதாக வாட்ச்மேன் சொன்னார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் வேதக்கோயிலில் சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழுந்து நிற்கப் போகிறேன். அப்பா என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அங்கே சொல்வது உன் மாமாவின் காதுக்கு எட்டாது. இந்தக் கடிதம் பீருமேடு வந்து சேர நாலு நாளாவது ஆகும். ஓணத்துக்குப் பதிமூன்று நாள்தான் இருக்கிறது.

தேவகனி, இதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. நான் மிஸ்ஸியம்மாவிடம் செய்ததுபோல் எதையும் மாற்றாதே. பிறகு மாமாவுக்கும் வாசி. அவருக்குக் கோபம் தீர யாராவது வேண்டுமென்றால், நான் எந்தப் போர்டிங்கில், எந்தக் கட்டிலில் படுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதைச் சொல். ஏசுஅடிமை அண்ணனிடம் மட்டும் போக வேண்டாம் என்று அவர் காலைப் பிடித்துக்கொள். அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். மாமா புறப்படவில்லை என்று என் அப்பாவுக்கு ஒரு வரி எழுதினால் போதும். அம்மாவின் கை மடங்கும்படி காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மலைக்காட்டில் அட்டை ஜாஸ்தி என்கிறார்கள். காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு போ.

உன்னைத் தோழி என்று கூப்பிடத் தகுதியில்லாத,
லீலாபாய்

புத்தகங்களைப் பார்சலாக அனுப்பட்டுமா என்று கேட்க நினைத்தேன். எட்டரை மணி அடித்துவிட்டது, விளக்குகளை அணைக்க வருகிறார்கள்.